வாயில் மறுத்தல்: வேண்டாத கடிதங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

மருதத்திணையில் 'வாயில் மறுத்தல்' என்றொரு துறை உண்டு. பரத்தையிடம் போயிருந்த தலைவன் திரும்பும்போது நேராக வீட்டுக்குள் வந்துவிடுவதில்லை. ஆளனுப்புகிறான். அப்படி அனுப்பப்படும் ஆளுக்கே 'வாயில்' என்று பெயர். தொல்காப்பியக் கற்பியல் தோழி, பார்ப்பான், பாங்கன், பாணன், கூத்தர், விறலியர், விருந்தினர் என்று இப்படிப் பன்னிரண்டு வாயில்களைப் பட்டியலிடுகிறது. இவர்களில் பாணன் தொழில்முறைக்காரன். இனிக்க இனிக்கப் பேசுவான், தலைவனிடம் இல்லாத நல்ல குணங்களையெல்லாம் எடுத்துவிடுவான். தலைவியோ தோழியோ அவனை வாசலிலேயே நிறுத்தி, 'தெரியும்டா உன் சங்கதி, போய்ட்டு வா' என்று திருப்பியனுப்புகிறாள்.

வகுப்பறையில் இதை ஊடலின் அழகு என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஊடல் இருக்கட்டும். இந்தத் துறைக்குள் செய்தி பற்றிய ஒரு சட்டம் இருக்கிறது. அனுப்புகிறவன் எவ்வளவு பெரிய தலைவனானாலும் அவனுடைய செய்தி வாசலில் நிற்க வேண்டும். உள்ளே விடுவதா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரம் வீட்டிலிருப்பவளுக்கு உண்டு. அவள் வாய் திறக்கும்வரை பாணன் அங்கேயே கால்கடுக்க நிற்பான். ஆணாதிக்கம் நிரம்பிய அந்தச் சமூகத்தில் அவளுக்குக் கிடைத்த இந்த இடம் மிகச் சிறியது. கடைசியில் பெரும்பாலும் 'வாயில் நேர்தல்' என்றுதான் முடியும். அதுவும் உண்மை. ஆனால் அந்த அளவு இடம்கூட இன்று நமக்கு இல்லை என்பதுதான் இக்கட்டுரை சொல்ல வருவது.

இன்றைய பாணன் வாசலில் நிற்பதில்லை. படுக்கையறையில், தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் கைபேசிக்குள் காலை ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறான். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, மகனை இஞ்சினியராக்க வேண்டுமா என்கிறான். இதைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் நமக்குச் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: 'வீட்டுக்கு வரும் குப்பையை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள்.' பத்து வழிமுறைகள், பதினைந்து வழிமுறைகள் என்று பட்டியல் போடுகிறார்கள். குப்பை போட்டவனை விட்டுவிட்டு, குப்பை விழுந்த வீட்டுக்காரருக்கு ஒழுக்கப் பயிற்சி தரும் சொல்லாடல் இது.

2

'பேரிங்' கடிதம் என்று ஒன்று இருந்ததை வயதானவர்கள் அறிவார்கள். தபால்தலை ஒட்டாமல், அல்லது குறைவாக ஒட்டிப் போடப்படும் கடிதம். தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கும்போது வாங்குகிறவர் இரட்டிப்பாகக் காசு கொடுக்க வேண்டும். கஷ்டப்பட்ட குடும்பங்களில் பேரிங் வந்தாலே வயிற்றைக் கலக்கும். சாவுச் செய்தியாக இருக்குமோ, எவனாவது வேண்டுமென்றே வம்புக்குப் போட்டிருப்பானோ என்று ஆளாளுக்கு யோசிப்பார்கள்.

இது ஏதோ அபூர்வ வழக்கம் அல்ல. 1840-ல் இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் முன்மொழிந்த ஒரு பென்னித் தபால் வரும்வரை, கடிதத்தைப் பெறுகிறவர் காசு கொடுப்பதே பொதுவழக்கமாக இருந்தது. இந்தியாவில் 1854-ல் அரையணா ஒரே கட்டணமும் தபால்தலையும் வந்தன. நவீன அஞ்சலின் அடிப்படை இங்கேதான் இருக்கிறது: யார் பேச விரும்புகிறாரோ அவர் செலவு செய்ய வேண்டும். மிச்சமிருந்த பேரிங்கிலும் ஒரு பாதுகாப்பு இருந்தது. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பெறுகிறவரை எரிச்சலூட்டும் கெட்ட எண்ணத்தோடு அனுப்பப்பட்டது என்று தெரிந்தால் அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று அஞ்சல்துறைத் தலைவருக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. காலனிய அரசு நம்மீது கருணை கொண்டு எழுதிய சட்டமல்ல அது. ஆனாலும் வேண்டாத கடிதம் ஒருவகைத் தீங்கு என்பதை அது ஒப்புக்கொண்டது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்தோடு அந்தப் பழைய சட்டம் முடிந்துபோயிற்று.

இப்போது நமக்கு வரும் விளம்பரச் செய்தியை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். அனுப்புகிறவனுக்கு ஒரு செய்திக்கு ஆகும் செலவு சில பைசா. பெறுகிறவர் கொடுப்பது என்ன? நேரம், கவனம், தூக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்போ என்று பதறியடித்து எடுத்து ஏமாறும் அந்த நிமிடம். அதாவது செலவு மீண்டும் பெறுகிறவர் தலையில். இன்றைய விளம்பரச் செய்தி, திருப்பியனுப்ப முடியாத பேரிங் கடிதம்.

3

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற வழியில் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள். பக்கத்தில் ஒரு பழைய கல்வெட்டு. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதை ஒரு சில சொற்களில் சொல்லி முடித்துவிடுகிறது. ஒரு உயிர் போன செய்தி அது. அதைச் சொல்ல எடுத்துக்கொண்ட இடம் மிகக் குறைவு, உளிக்கு ஆன உழைப்பு அதிகம். அது யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. வேண்டியவர் குன்றேறி வந்து படிக்கட்டும் என்று நூற்றாண்டுகளாக அங்கேயே இருக்கிறது.

அதே சாலையில் உள்ள வீடுகளுக்கு இன்று வந்துசேரும் எழுத்தைப் பாருங்கள். நகைக்கடன் நோட்டீஸ், மனைப்பிரிவு நோட்டீஸ், மே மாதமானால் பள்ளிக்கூட நோட்டீஸ். செய்தித்தாளுக்குள் மடித்து வருவது, கேட்டில் செருகிவிட்டுப் போவது, பஸ் ஸ்டாண்டில் கையில் திணிப்பது. மேலைநாட்டுக்காரர்கள் 'குப்பை அஞ்சல்' என்று புலம்புவது இதைத்தான். ஆனால் நம் ஊரில் காகிதம் அவ்வளவு சீக்கிரம் குப்பையாவதில்லை. மனை நோட்டீசில் பெட்டிக்கடைக்காரர் கடலை மடிப்பார். பிள்ளைகள் பின்பக்கத்தில் கணக்குப் போடும். மிச்சம் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகும். விளம்பரம் செய்தவன் எண்ணாத ஒரு அர்த்தத்தை நம் சனங்கள் அந்தக் காகிதத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பிரதியைப் படிப்பதைவிட்டு அதில் வடை வைத்துத் தின்பதும் ஒரு வாசிப்புதான். கைபேசிச் செய்தியில் அந்த வழி அடைபட்டுவிட்டது. அதை மடிக்கவும் முடியாது, எடைக்குப் போடவும் முடியாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'என் வீட்டுக்கு ஏகப்பட்ட கடிதம் வருகிறது' என்று அலுத்துக்கொள்வது எல்லோருக்கும் எப்போதும் வாய்த்த வசதியல்ல. பொதுத்தெருவும் கிணறும் பொது அலுவலகமும் எல்லோருக்கும் உரியவை என்று சென்னை மாகாணச் சட்டசபை 1924-ல் தீர்மானம் போட வேண்டியிருந்த நாடு இது. தபாலாபீஸ் ஊர்த்தெருவில் இருந்ததும், தபால்காரர் சேரிக்குள் வராமல் யாரிடமாவது கொடுத்தனுப்பியதும், கடிதம் கைசேர்வதற்குள் ஊரே படித்து முடித்ததும் நம் முதியவர்கள் சொல்லக் கேட்ட கதைகள்தான். வாயில் மறுத்தல் என்பதற்கு இங்கே நேர் எதிரான பொருள்: வாயிலே மறுக்கப்பட்ட மக்கள். அப்படிப்பட்ட காலனி வீடுகளுக்குப் பெயர்சொல்லி, மரியாதையாக விளித்து வரும் முதல் எழுத்து 'உங்களுக்குக் கடன் தயார்' என்ற செய்தியாக இருக்கிறது என்றால், இதை வெறும் தொந்தரவு என்று சொல்லித் தாண்டிவிட முடியாது. முகவரி கொடுக்க மறுத்த சமூகம், கடனாளியாக்குவதற்கு மட்டும் முகவரியைக் கண்டுபிடித்துவிடுகிறது.

4

அரசு இதில் நடுநிலை வகிக்கிறது என்று நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். 2002-ல் அஞ்சல்துறை 'மேகதூத்' என்ற அஞ்சலட்டையைக் கொண்டுவந்தது. விலை 25 பைசா. சாதாரண அட்டையைவிட மலிவு. ஏனென்றால் முகவரிப் பக்கத்தில் விளம்பரம். ஏழை தன் மகளுக்கு 'நலம், நலமறிய அவா' என்று எழுதினால் அதன் முதுகில் ஒரு விளம்பரமும் சவாரி செய்யும். காளிதாசனின் மேகம் காதலியின் பிரிவைச் சுமந்து போயிற்று. இந்த மேகத்தின் சுமை வேறு. இன்னொன்று 'டைரக்ட் போஸ்ட்'. பெயரோ முகவரியோ இல்லாத விளம்பரத் தாள்களை, 1000 பிரதிக்குக் குறையாமல் கொடுத்தால், தபால்காரரே வீடுவீடாகப் போட்டுவிடுவார். அதாவது பாணன் வேலை அரசு ஊழியருக்கு.

தொலைபேசிக்கு வருவோம். 2007-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (ட்ராய்) 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டைக் கொண்டுவந்தது. 2010-ல் விதிகள் திருத்தி எழுதப்பட்டன. வங்கி-காப்பீடு, மனை, கல்வி, உடல்நலம், நுகர்பொருள், தகவல்தொடர்பு-பொழுதுபோக்கு, சுற்றுலா என்று ஏழு வகை. எது வேண்டும், எது வேண்டாம் என்று நாம் 1909-க்குச் சொல்ல வேண்டும். 2018-ல் மறுபடியும் புதிய விதிகள். 2025 பிப்ரவரியில் மறுபடியும் திருத்தம். புகார் செய்ய இருந்த மூன்று நாள் கெடு ஏழு நாளாயிற்று. பதிவு செய்யாத விளம்பரக்காரர் மீது நிறுவனம் நடவடிக்கை எடுக்க 30 நாள் என்றிருந்தது ஐந்து நாளாயிற்று. அப்படிப்பட்டவர் மீது புகார் செய்ய நாம் முன்கூட்டிப் பதிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போயிற்று. நல்ல மாற்றங்கள்தான், மறுக்கவில்லை.

ஆனால் அடிப்படை மாறவில்லை. இந்த ஏற்பாட்டில் வாசல் திறந்துகிடப்பதே இயல்புநிலை. மூட வேண்டும் என்றால் நாம்தான் மனுப்போட வேண்டும். தலைவி ஆற்றங்கரை தாண்டிப் போய், பாணர்களின் சங்க அலுவலகத்தில் 'எங்கள் வீட்டுக்கு வராதீர்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பதுபோல. எழுதிக் கொடுத்தும் வந்தால் தேதியும் எண்ணும் குறித்து, கெடுவுக்குள் புகார் செய்ய வேண்டும். நூறுநாள் வேலைக்குப் போய்விட்டு வருகிற ஒரு பெண்மணி இதைச் செய்வார் என்று எதிர்பார்க்கும் விதிகள் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டன?

தொல்காப்பியர் பட்டியலில் விருந்தினரும் ஒரு வாயில் என்று பார்த்தோம். கோபத்திலிருக்கும் தலைவி விருந்தினர் முன்னால் முகம் சுளிக்கமாட்டாள். ஆகவே தலைவன் விருந்தினரோடு சேர்ந்து உள்ளே நுழைந்துவிடுவான். இந்தத் தந்திரம் அப்படியே தொடர்கிறது. வங்கியின் கணக்கு விவரம், காஸ் பதிவு, மருத்துவமனைத் தேதி ஆகிய வேண்டிய செய்திகளின் முதுகுக்குப் பின்னால் விளம்பரம் ஒளிந்துகொண்டு வருகிறது. 2025 திருத்தத்தில் அனுப்புபவர் பெயரின் கடைசியில் விளம்பரத்துக்கு 'பி', சேவைக்கு 'எஸ்', பரிவர்த்தனைக்கு 'டி', அரசுக்கு 'ஜி' என்று ஆங்கில எழுத்து போடச் சொன்னது இதைப் பிரித்துக் காட்டத்தான். விருந்தினர் யார், தலைவன் யார் என்று இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவர் கண்டுகொள்ளலாம். மற்றவர்கள்?

அரசே விருந்தாளி வேஷம் போட்டதும் உண்டு. 2024 மார்ச்சில் பிரதமரின் கடிதம் என்று 'விக்சித் பாரத்' செய்திகள் கோடிக்கணக்கானவர்களின் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்த பிறகும் வந்துகொண்டிருந்ததால், மார்ச் 21-ஆம் தேதி தேர்தல் ஆணையம் நிறுத்தச் சொன்னது. விதிகளுக்கு முன்பே அனுப்பிவிட்டோம், வலையமைப்பு தாமதத்தால் பிந்திப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பது அமைச்சகத்தின் பதில். நம் எண்கள் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தன என்ற கேள்வி தாமதத்தில் கரைந்துபோயிற்று.

சிங்கவரம் மலைமேல் பாறையில் குடைந்த ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தேசிங்கு ராஜன் போருக்குப் போகுமுன் உத்தரவு கேட்டபோது சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது இந்தப் பக்கத்துக் கதை. தேசிங்கு அதை மதிக்காமல் போனான். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாததுல்லாகானின் படையோடு மோதி மாண்டான். பக்தர்கள் இதைத் தெய்வவாக்கின் மகிமையாகச் சொல்வார்கள். எனக்கு இது வேறு மாதிரிப் படுகிறது. மறுப்புச் சொல்வது ஒன்று, அந்த மறுப்பு செல்லுபடியாவது வேறொன்று. தெய்வமே முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் எதிரிலிருப்பவனைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இல்லையென்றால் அந்தத் திருப்பலுக்குப் பலனில்லை. 1909 நமக்குத் தருவது பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உரிமைதான்.

5

'ஒரு மெசேஜ்தானே, அழிச்சிட்டுப் போவியா' என்று கேட்பவர்கள் உண்டு. பழைய நாளில் சாமி பேரில் வந்த சங்கிலிக் கடிதங்களை நினைத்துப் பார்க்கலாம். இதைப் படித்தவர் இத்தனை பேருக்கு எழுதிப் போட வேண்டும், போட்டால் லாட்டரி விழும், போடாவிட்டால் வீட்டில் சாவு விழும் என்று மிரட்டும் அஞ்சலட்டை. அதற்கும்கூட ஒரு தடை இருந்தது. இருபது பேருக்கு எழுத இருபது கார்டு வாங்க வேண்டும், கை வலிக்க எழுத வேண்டும். பயந்தவர்கள்கூட நாலு கார்டோடு நிறுத்திக்கொண்டார்கள். கைபேசியில் அந்தக் கைவலி இல்லை.

செஞ்சியிலிருந்து சேத்துப்பட்டு வழியாகப் போனால் போளூர். அதன் பக்கத்தில் அத்திமூர். 2018 மே மாதம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்த வயதான ஒரு பெண்மணி, அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஊர்ஊராக வாட்ஸ்அப்பில் பரவிக்கிடந்த வதந்தி போதுமானதாயிருந்தது. அடித்தே கொன்றார்கள். யாரும் கேட்காமல் வீட்டுக்குள் வந்து விழுந்த ஒரு செய்தியின் செலவு அது. செலவு யாருடையது என்று இந்த இடத்தில் கேட்கவே நாக்கூசுகிறது.

இந்தியா முழுக்க இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகு, 2018 ஜூலையில் அந்த நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பின்னர் அதை உலகம் முழுக்க விரித்தது. இதில் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. பெறுகிறவரின் விழிப்புணர்வு, பகுத்தறிவு என்று அதுவரை உபதேசம் நடந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டை அனுப்புகிறவர் பக்கம் வைப்பது தொழில்நுட்ப ரீதியாக ஒரு பெரிய காரியமே இல்லை என்பது கொலைகளுக்குப் பிறகே நமக்குத் தெரியவந்தது.

6

தோழர்கள் சிலர் இங்கே குறுக்கிடுவார்கள். 'கேட்காமல் வரும் எழுத்தெல்லாம் குப்பையென்றால் நாம் கொடுக்கும் துண்டறிக்கை? யாரோ ஒருவர் முகவரி கிடைத்தது என்று நாம் அனுப்பிவைக்கும் சிறுபத்திரிகை?' நியாயமான கேள்வி. கேட்காமல் வந்த ஒரு துண்டுப் பிரசுரத்தால் வாழ்க்கை மாறியவர்கள் நம்மில் பலர். விரும்பாத செய்தியே வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொன்னால், தன் சாதிக்கும் மதத்துக்கும் வர்க்கத்துக்கும் வெளியே எந்தக் குரலையும் கேட்காமல் வாழும் உரிமை என்று அது முடியும்.

ஆகவே கேட்டு வந்ததா கேளாமல் வந்ததா என்பதை அளவுகோலாக வைக்க முடியாது. நான் முன்வைப்பது வேறு இரண்டு கேள்விகள். மறுக்க முடியுமா? பதில் சொல்ல முடியுமா? துண்டறிக்கை கொடுப்பவர் எதிரில் நிற்கிறார். வேண்டாம் என்று கையை மடக்கிக்கொள்ளலாம், கிழித்தெறியலாம், நின்று சண்டை போடலாம். அச்சடித்த எந்தத் தாளிலும் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அது நம்மைக் கண்காணிக்கப் போட்ட சட்டம். ஆனாலும் அந்தக் கடைசி வரியால் துண்டறிக்கைக்கு ஒரு முகவரி கிடைத்தது. சிறுபத்திரிகை ஆசிரியருக்கு வந்த வசைக் கடிதங்களே அதற்குச் சாட்சி. விளம்பரச் செய்திக்கு மறுமொழி அனுப்பிப் பாருங்கள், போகாது. அனுப்பியவரின் பெயர் இருக்கும் இடத்தில் ஆறு எழுத்து. பதில் எழுத இடமில்லாத அந்த எழுத்தைக் கடிதம் என்று சொல்வதற்கே எனக்குத் தயக்கமாயிருக்கிறது.

இந்தப் பின்னணியில் அஞ்சல்துறை யாருக்கு வாசலைத் திறந்து, யாருக்கு மூடுகிறது என்று பார்க்க வேண்டும். உறையைத் திறந்தபடி வைத்து, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதிப் போட்டுத்தான் சிறுபத்திரிகைகள் ஊர்ஊராகப் போயின. பத்திரிகைப் பதிவு இருந்தால் சில பைசாவில் அனுப்பலாம். 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுக்கொண்ட நம் இதழ்கள் பெரும்பாலானவற்றுக்கு அது கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில் பதிவு நூல் அஞ்சல் நிறுத்தப்பட்டது. 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்திருக்கிறது: 300 கிராமுக்கு 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய். பாடநூலும் பண்பாட்டு நூலும் மதநூலும் போகலாம். குறித்த கால இடைவெளியில் வெளிவரும் இதழ் போகக்கூடாது. ஆக, முகவரியே இல்லாத விளம்பரத்துக்குத் தபால்காரர் வீடுவீடாக நடப்பார். சந்தாக் கட்டிக் காத்திருக்கும் வாசகருக்குப் போக வேண்டிய 64 பக்க இதழுக்குச் சலுகை கிடையாது. வேண்டாத கடிதம் குறையவில்லை. வேண்டிய கடிதம்தான் குறைந்துகொண்டிருக்கிறது.

7

வீட்டளவில் செய்யக்கூடியவற்றைச் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என்று அனுப்பினால், அல்லது அந்த எண்ணுக்குப் பேசினால், எல்லா வகை விளம்பரத்தையும் நிறுத்தச் சொல்லலாம். வந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்யலாம். பில் போடும் கடையில் எண் கேட்டால் 'எதுக்குங்க?' என்று கேட்கலாம். எண் கொடுத்தால்தான் பொருள் என்று வற்புறுத்தக்கூடாது என்று 2023 மே மாதத்தில் நுகர்வோர் நலத்துறையே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். உத்தரப்பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளிலிருந்து பெண்களின் எண்கள் விலைக்குப் போனது 2017-ல் வெளிவந்தது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும், தெருவில் நாலு பேருக்கும் நம் இளைஞர்கள் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இதைச் செய்துகொடுக்கலாம். சங்க வேலையாகவே செய்யலாம்.

ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நாமும் புத்திமதிப் பட்டியலில் சேர்ந்துவிடுவோம். வேறுவிதமாகச் செய்த ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1970-ல் ரோவன் வழக்கில், அனுப்புகிறவரின் பேச்சுரிமை பெற விரும்பாதவரின் தபால்பெட்டியோடு முடிந்துவிடுகிறது என்று தீர்ப்பளித்தது. அங்கும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். ஆம்ஸ்டர்டாம் நகரம் அதையும் தாண்டியது. 2018 ஜனவரி 1 முதல், 'எனக்கு விளம்பரம் வேண்டும்' என்று கதவில் ஒட்டியிருந்தால் மட்டுமே முகவரியில்லா விளம்பரத் தாளைப் போடலாம் என்று விதி செய்தது. ஒன்றும் ஒட்டாத கதவு மூடிய கதவு. அச்சகத்தாரும் விளம்பரக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது.

நாம் கேட்க வேண்டியது இதுதான். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாயிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சம்மதம் இல்லாதவரை வாசல் மூடியிருக்கிறது என்று எல்லா வணிகச் செய்திக்கும் விதி வர வேண்டும். மறுத்தும் வந்தால் பெற்றவருக்கே நஷ்டஈடு போக வேண்டும். அரசும் கட்சிகளும் இதற்கு விலக்கல்ல என்று எழுதப்பட வேண்டும். கூடவே ஞான் போஸ்டில் சிறுபத்திரிகைகளுக்கு இடம் வேண்டும். இந்த அவகாசம் முடிவதற்குள் எழுத்தாளர் அமைப்புகளும் நுகர்வோர் குழுக்களும் பெண்கள் இயக்கங்களும் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்பவேண்டிய மனு இது. தபால்தலை ஒட்டி, அனுப்புபவர் முகவரியைத் தெளிவாக எழுதி அனுப்புவோம்.